கண்டக்டருக்குத் தொண்டை கட்டிய கதை

"மாமா, இன்டர்வியூவுக்குப் பொண்ணை மட்டும் கூப்பிட மாட்டாங்களாம். அப்பாவையும் உள்ள உக்கார வச்சு இங்கிலீஷ்ல கேள்வி கேப்பாங்களாம்."

மச்சினன் இதைச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான். கண்டக்டர் பிசைந்த சோறு பிசைந்தபடியே கிடந்தது.

"நான் பதில் சொல்லலேன்னா?"

"சீட்டு அடுத்தவங்களுக்கு, மாமா" என்று கை கழுவுகிற இடத்திலிருந்தே குரல் வந்தது.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். கல்லூரியில் ஆங்கில இலக்கியமும் கூடவே பிரெஞ்சும்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ரேடியோவில் ஆங்கிலச் செய்தியைக் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பழகுகிறாள். பிரெஞ்சு வினைச்சொற்களை மூக்காலேயே உருப்போடுகிறாள். செய்தி வாசிப்பவர் மூச்சு விடுகிற இடத்தில் கண்டக்டர் புகுந்து அன்றைய பஸ் கதையை ஆரம்பிப்பார். தெருவில் அவர் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை.

ஆங்கிலம் என்றால் மட்டும் கதை வேறு. அவருக்குத் தெரிந்தது 'ரைட்', 'ஹோல்டான்' இரண்டுதான். ஒன்று பஸ்ஸைக் கிளப்ப, இன்னொன்று நிறுத்த.

"ரொம்ப வேண்டாம்ப்பா. 'குட் மார்னிங் மேடம், ஐ ஆம் ஹெர் ஃபாதர்.' அவ்வளவுதான். சொல்லுங்க" என்றாள் மகள்.

'குட் மார்னிங்' வரைக்கும் வண்டி ஓடியது. அதற்கு மேல் மேடு. வியர்த்து வழிய, "ஹோல்டான்!" என்று பஸ்ஸே நிற்கிற குரலில் கத்திவிட்டார்.

மகள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. நகத்தைக் கடித்தாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது: நுணலும் தன் வாயால் கெடும். வாயே இல்லாவிட்டால்?

மறுநாள் கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். தொண்டை போச்சு என்று சைகை. இன்டர்வியூ அன்றைக்கு மட்டும் செய்தால் நம்ப மாட்டார்களே! எதிர்வீட்டுக்காரியின் நாத்தனாருக்கு அந்தக் கல்லூரி ஆபீசில்தான் வேலை. அதனால் வீட்டிலும் ஊமை, தெருவிலும் ஊமை.

பஸ்ஸில்தான் வம்பு வந்தது. நிறுத்தத்தின் பெயரைச் சொல்ல ஆளில்லை. ஆஸ்பத்திரியில் இறங்க வேண்டியவர் சுடுகாட்டு நிறுத்தத்தில் இறங்கினார்.

"நான் இன்னும் சாகலைய்யா!" என்று அவர் டிப்போவுக்கே வந்து சத்தம் போட்டார். மேனேஜர் கண்டக்டரை டாக்டரிடம் அனுப்பினார்.

டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே! எங்க வலி?"

கண்டக்டர் காதிலிருந்து தோள்வரைக்கும் காட்டினார்.

"பேச வரலேன்னா என்ன? இந்தாங்க பேனா, எழுதிக் காட்டுங்க."

பேனாவைக் கண்டதும் அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கல்லூரியிலும் இப்படித்தானே நீட்டுவார்கள்? 'இங்கிலீஷ்ல எழுதுங்க' என்பார்களே!

வீடு வந்து சேரும்போது வலது கையிலும் ஒரு கட்டு இருந்தது.

"தொண்டையும் போய் கையும் போன கண்டக்டரை வச்சு நான் என்னய்யா பண்றது?" என்று மேனேஜர் லீவு எழுதி அனுப்பிவிட்டார்.

இந்தத் தெருவுக்கு இவ்வளவு போதாதா? பழத்தோடு வரிசையில் வந்துவிட்டார்கள்.

"இது சாதாரணமில்லக்கா" என்று எதிர்வீட்டுக்காரி அவர் மனைவியிடம், அவர் காதுபடவே ஓதினாள். "தொண்டையில ஆரம்பிச்சுக் கைக்கு எறங்கியிருக்கு. அடுத்தது கால்தான்."

அன்று சாயங்காலமே அவருக்கு நிஜமாகக் கால் நடுங்க ஆரம்பித்தது. கண்ணை மூடினால் ஒரு மேஜை, மூன்று மூக்குக்கண்ணாடிகள், தன்னால் தலைகுனிந்து திரும்பும் மகள். அடுத்த அறையில் அவள் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருந்தாள்.

அவர் மனைவி மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "ஓய்வெடுக்கட்டும், பாவம்" என்று பழத்தை நறுக்கினாள். கல்நெஞ்சுக்காரி என்று தெரு தீர்ப்பெழுதிவிட்டது.

இன்டர்வியூ நாள் வந்தது. மகள் உள்ளே போனாள். கட்டும் கம்பளியுமாகக் கண்டக்டர் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி. கதவு அசையும்போதெல்லாம் அவருக்கு உயிர் போய்ப் போய் வந்தது. உள்ளே மகளின் ஆங்கிலம் தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு தூரம் வந்ததைத் தான் போய்க் கவிழ்க்கப் போகிறோமே!

கதவு திறந்தது. மகள் ஓடி வந்தாள். "கிடைச்சிருச்சுப்பா! இங்கிலீஷும் பிரெஞ்சும்!"

பின்னாலேயே அடுத்த பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள். கதவு சாத்திக்கொண்டது.

கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பயத்தில் ஊமை வேஷமே மறந்துபோனது.

"அப்ப... என்னை எப்ப உள்ள கூப்பிடுவாங்க?"

"உங்களை யாருங்க கூப்பிடப் போறா?" என்றாள் மனைவி, சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி. "பொண்ணு இன்டர்வியூவுக்குப் படிச்சு முடிக்கிற வரைக்கும் வீடு கொஞ்சம் அமைதியா இருக்கட்டுமேன்னு நான்தான் என் தம்பியை அப்படிச் சொல்லச் சொன்னேன்."