சர்ப்பராணி ஒலிநாடா வெளியான வரலாறு

மனித குலம் ஒலியைப் பதிவு செய்யக் கற்றுக்கொண்டது எதற்காக என்ற கேள்விக்கு, 1998ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நியூசிலாந்தின் ஒக்லாந்து மாநகரில் இறுதியான விடை கிடைத்தது. அந்த விடை அறுபது நிமிடம் ஓடும். அதைக் கண்டுபிடித்த குழுவில் நானும் ஒருவன் என்பதைத் தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். என் பெயர் சதாசிவம். தென்பசிபிக் முத்தமிழ்ப் பேரவையின் செயலாளர். பேரவையில் முப்பத்தெட்டு அங்கத்தவர்கள். அவர்களில் முப்பத்தாறு பேர் ஏதாவதொரு பதவியில் இருக்கிறார்கள். மற்ற இருவரும் கைக்குழந்தைகள்.

அந்த வருடம் ஒரு பழைய பாம்புப் படத்தை நாங்கள் மேடை இசை நாடகமாக்கினோம். வீடியோக் கடையில் வாடகைக்கு எடுத்து எடுத்து, படத்தில் பாதி அழிந்துபோயிருந்தது. அழிந்த பாதியை எங்கள் கற்பனையால் நிரப்பினோம். ‘சர்ப்பராணி’ உருவானது. இருபத்திரண்டு வயது இளவரசனாக எங்கள் தலைவர் ஆனந்தராசா நடித்தார். அவருக்கு ஐம்பத்தாறு வயது. முழங்காலில் நோவு இருந்தபடியால் காதலியின் முன் மண்டியிடும் காட்சியில் காதலி கதிரைமேல் ஏறி நின்றாள். சர்ப்பராணியின் உடல், மனுகாவில் வாங்கிய பச்சை நிறக் குளியலறைத் திரை. அதில் நாலாயிரம் ஜிகினா தைத்திருந்தோம். வால், பழுதான வக்யூம் கிளீனரின் குழாய்.

கிளென்ஃபீல்ட் மண்டபத்தில் அரங்கேற்றம். பாதாள லோகக் காட்சிக்காகப் புகை விட்டோம். மண்டபத்தின் தீ எச்சரிக்கை மணி அடித்தது. தீயணைப்பு வீரர்கள் மஞ்சள் தலைக்கவசத்தோடு உள்ளே ஓடி வந்தார்கள். கருடனின் படை வந்துவிட்டதென்று நினைத்துச் சபையோர் எழுந்து நின்று கைதட்டினார்கள். இவ்வளவு செலவில்லாத பிரமாண்டத்தை வேறெந்த நாடகமும் கண்டதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சுந்தரி தன் பாட்டைத் தொடங்கினாள்.

சுந்தரி கிளென்ஃபீல்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். எங்கள் சர்ப்பராணி அவள்தான். நாடகத்தின் முடிவில் ஏழு நிமிடப் பாட்டு அவளுக்கு. முதலில் ஒரு நீண்ட சீறல், பிறகு கீழிருந்து மெல்ல எழும்பி, கடைசியில் கூரையைத் தொடும் பாட்டு. குளியலறைத் திரைக்குள் இருந்து அப்படியொரு குரல் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. வெளியேறச் சொல்ல வந்த தீயணைப்பு வீரர்கள் ஏழு நிமிடமும் வாசலில் அசையாமல் நின்றார்கள். பாட்டு முடிந்த பிறகுதான் எங்களை வெளியேற்றினார்கள்.

மண்டபத்துக்கு வெளியே, புல்வெளியில், ஹெலன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி சுந்தரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருடைய தாய் சுந்தரி வேலை செய்யும் இல்லத்தில் இருக்கிறார். ஹெலனோ வெலிங்டனில் உள்ள ஓர் இசை நாடகக் குழுவின் ஒக்லாந்துப் பொறுப்பாளர். அந்தக் குழுவும் ஒரு சினிமாப் படத்தைத்தான் மேடையேற்றப்போகிறது. ஊர் ஊராக ஆறு மாதம் போகப்போகிறது. சம்பளத்தோடு ஒரு பாடகி தேவை. எந்த மொழியில் பாடினாலும் சரி, குரலைக் கேட்டு இயக்குநர் முடிவெடுப்பார். மாத முடிவில் அவர் வெளிநாடு போய்விடுவார், அதற்குள் ஒலிநாடா வெலிங்டன் போய்ச் சேர வேண்டும் என்றார்.

அடுத்த நாள் சுந்தரி என்னிடம் வந்தாள்.

“அண்ணை, நாடகப் பாட்டுகளைக் கசெற் அடிக்கப் போறம் எண்டு சொன்னனீங்கள் எல்லோ? அதிலை என்ரை பாட்டு முழுசா வரவேணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்.”

“அதுக்கென்ன பிள்ளை, வரும்.”

“பதினொரு வருசமா மற்ற ஆக்களின்ரை கட்டிலைத்தான் விரிச்சுக்கொண்டு இருக்கிறன். ஒருக்கா, எனக்கெண்டு ஒண்டு கேக்கிறன்.”

அவள் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. உடனே செயற்குழுவைக் கூட்டினேன். ஒரு செயலாளர் உணர்ச்சிவசப்பட்டால் வேறென்ன செய்வார்?

கூட்டம் ஆனந்தராசாவின் வீட்டுக் கராஜில் நடந்தது. ‘அறுபது நிமிட ஒலிநாடாவின் உள்ளடக்கம்’ என்பது நிகழ்ச்சிநிரல். தமிழ் விழா ஒன்றின் மரபு எதுவும் குறைவுபடக் கூடாது என்று தலைவர் ஆரம்பத்திலேயே தெளிவுபடுத்தினார். ஆகவே மங்கல விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, புரவலர் வாழ்த்துரை, பொன்னாடை போர்த்தல், செயலாளர் அறிக்கை, நன்றியுரை ஆகியன ஏகமனதாக ஏற்கப்பட்டன. மிஞ்சிய இடத்தில் பாட்டு.

கீபோர்ட் வாசிக்கும் பழனிவேல் கையைத் தூக்கினார். மதுரைக்காரர். கம்ப்யூட்டர் வேலை. எதையும் நேராகக் கேட்டுவிடும் குறைபாடு உள்ளவர்.

“ஏங்க, பாட்டுக் கேசட்டுல பாட்டு வேணாமா?”

“ஆர் வேண்டாமெண்டது?” என்றார் தலைவர். “ஏழு பாட்டிலை ரெண்டு வருகுது. என்ரை காதல் பாட்டு நாலு நிமிசம். சுந்தரியின்ரை பாட்டு ஏழு நிமிசம்.”

“வெளக்கேத்துறத எப்படிங்க கேசட்டுல கேக்க முடியும்?”

“லைற்றர் அடிக்கிற சத்தம் கேக்கும்.”

“பொன்னாடை?”

“அது சரசரக்கும்.”

“அப்ப தொண்ணூறு நிமிஷக் கேசட் வாங்கிக்கலாமே?”

புரவலர் சோதிலிங்கம் தொண்டையைச் செருமினார். வெஸ்ட்கேட்டில் டெய்ரி வைத்திருப்பவர். பாலும் பாணும் விற்கும் அந்தக் கடையால்தான் எங்கள் கலை வாழ்கிறது.

“தம்பி, தொண்ணூறு நிமிசம் எடுத்தால் உபதலைவரும் கதைக்கக் கேப்பார்,” என்றார்.

அந்த ஆபத்தைப் பழனிவேல் உணரவில்லை. அறுபது நிமிடமே நிறைவேறியது. பழனிவேலின் ஆர்வத்தைப் பாராட்டி அவரை ‘மின்கம்பி ஒழுங்கமைப்பு உபகுழு’வின் தலைவராக நியமித்தோம்.

பதிவு நாள் ஒரு புதன்கிழமை. மனுகாவில் சிறிய ஒலிப்பதிவுக்கூடம். கிரெய்க் என்ற இளைஞர் பொறுப்பாக இருந்தார். ஐந்து மணிக்கு வேறொரு குழு வரும், அதற்குள் முடிக்க வேண்டும் என்றார். எல்லாம் ஒரே நாடாவில் நேரடியாகப் பதிவாயிற்று.

விளக்கேற்றல் நன்றாக அமைந்தது. ஐந்து திரிக்கு ஐந்து பிரமுகர்; லைற்றர் ஐந்து தரம் தெளிவாகக் கேட்கிறது. மௌன அஞ்சலிதான் சிரமப்படுத்தியது. முதல்முறை யாரோ இருமினார்கள். இரண்டாவது முறை தலைவரின் முழங்கால் சத்தமிட்டது. மூன்றாவது முறை மௌனம் போதிய உருக்கமாக இல்லை என்று தலைவர் கருதினார். கிரெய்க் கண்ணாடிக்கு அப்பால் தலையில் கையை வைத்துக்கொண்டார். மறைந்தவர்களை எண்ணி அவரும் துக்கப்படுகிறார் என்று விளங்கிக்கொண்டோம்.

நாடாவின் இரண்டாம் பக்கத்தில், என் ஒன்பது நிமிட அறிக்கைக்குப் பிறகு, சுந்தரி பாடினாள். முதியோர் இல்லச் சீருடையோடு வந்திருந்தாள். ஐந்து மணிக்கு அவளுக்கு வேலை தொடங்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒரே தடவையில் ஏழு நிமிடமும் பாடி முடித்தாள். கிரெய்க் காதிலிருந்து கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். பழனிவேல் அழுதார். எனக்கும் உடம்பு சிலிர்த்தது, அதை மறைக்கமாட்டேன்.

“அண்ணை, நான் ஓடவேணும்,” என்றாள் சுந்தரி. “வெலிங்டனுக்கு நீங்களே அனுப்பிவிடுவியளோ? விலாசம் இதிலை இருக்கு. எனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் ஷிஃப்ட்.”

“நீ யோசிக்காமல் போ. நான் இருக்கிறன்.”

பிறகு நன்றியுரை. நியூசிலாந்து மக்களும் தமிழின் பெருமையை அறியட்டும் என்று அதை ஆங்கிலத்தில் தயாரித்திருந்தேன். மண்டபக் காவலாளி, குளியலறைத் திரை விற்ற கடை, தீயணைப்பு நிலையம், தலைவரின் முழங்காலுக்கு வைத்தியம் பார்த்தவர் என்று ஒருவரையும் விடவில்லை. இருபத்தெட்டாவது பெயரில் இருந்தபோது கிரெய்க் கையைக் காட்டினார். நாடா முடிந்துவிட்டது. கையில் இன்னும் பதினெட்டுப் பெயர்கள்.

“புது நாடா போடலாம்,” என்றார் கிரெய்க்.

புது நாடா போட்டால் அது ‘இரண்டாம் பாகம்’ ஆகிவிடும். நன்றியுரை இல்லாத முதற்பாகத்தை எந்தத் தமிழர் கையால் தொடுவார்? மணி நாலரை. தலைவர் என்னைப் பார்த்தார். புரவலர் என்னைப் பார்த்தார். அவருடைய பெயர் நாற்பத்திரண்டாவதாக இருந்தது.

“பின்னுக்குச் சுத்தி, முன்னம் இருக்கிறதுக்கு மேலையே பதியலாமோ?” என்று கேட்டேன்.

“முன்னால் இருப்பது அந்தப் பெண்ணின் பாட்டு,” என்றார் கிரெய்க். நான் கேட்டது அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்து, இரண்டாம் முறையும் மெதுவாகக் கேட்டேன்.

பழனிவேல் என் கையைப் பிடித்தார். “சார், வேணாம் சார். அந்தம்மாவுக்கு இதுதான் சார் இருக்கு. உங்க அறிக்கைய அழிச்சிருங்க.”

“அறிக்கை சபையின்ரை ஆவணம், தம்பி. பாட்டுத்தானே, அவ எப்பவும் பாடலாம்.”

“அப்ப மொதல்ல கொஞ்சமாவது விட்டு வைங்க சார்.”

கலையைப் பேணும் நோக்கில் நாற்பது வினாடி ஒதுக்கினேன். அதில் முன்னிசையும் சீறலும் அப்படியே உள்ளன. அவள் மூச்செடுக்கும் இடத்தில் என் குரல் தொடங்குகிறது. நாற்பத்தாறு பேருக்கும் இருபது நிமிடம் நன்றி சொல்லி, கடைசியில் நா தழுதழுக்க முடித்தேன். அன்று மாலையே நாடாவை உறையிலிட்டு நானே வெலிங்டனுக்கு அனுப்பினேன். சொன்ன சொல் தவறும் வழக்கம் எனக்கில்லை.

இரண்டு கிழமையில் இயக்குநரிடமிருந்து பதில் வந்தது. செயற்குழுவில் அதை மொழிபெயர்த்து வாசித்தேன்.

“ஹெலன் சொன்ன பாடகியை எங்களால் கேட்க முடியவில்லை. ஒரு சீறல்தான் இருக்கிறது. ஆனால் அதன்பின் வருகிற அந்த நடிகர் யார்? குளியலறைத் திரை விற்ற கடைக்குக் கண்ணீர் மல்க நன்றி சொல்கிறாரே! எங்கள் அலுவலகமே கதிரையிலிருந்து விழுந்து சிரித்தது. ஆறு மாதத்துக்கு அவர் எங்களோடு வருவாரா?”

குழு எழுந்து நின்று கைதட்டியது. தமிழனின் நன்றியுணர்வுக்கு உலக மேடை கிடைத்துவிட்டது என்றார் தலைவர். பழனிவேல் மட்டும் எழும்பவில்லை. அவர் அன்றே மின்கம்பி உபகுழுவிலிருந்து விலகினார். காரணம் கடிதத்தில் எழுதியிருந்தது. அதைப் பேரவையின் ஆவணக் கோவையில் இட்டோம்.

நான் அழைப்பை ஏற்றேன். தனிப்பட்ட ஆசை எதுவுமில்லை; சமூகத்தின் நன்மைக்காக. சுந்தரியிடம் நானே நேரில் போய் விசயத்தைச் சொன்னேன். அவள் கட்டில் விரிப்பொன்றை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்தாள். பிறகு அடுத்ததை எடுத்தாள். “ஓம் அண்ணை,” என்றாள். அவ்வளவுதான். பண்பான பெண்.

இப்போது கிழமையில் ஆறு நாள் மேடையில் நன்றியுரை ஆற்றுகிறேன். சபையோர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். இந்நாட்டு மக்கள் உணர்ச்சிவசப்படும் விதம் அது.

ஒக்லாந்துக் காட்சிக்குச் சுந்தரி வந்திருந்தாள். ஹெலனின் தாயைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள், வேலை நேரம். காட்சி முடிந்ததும் அவளிடம் போனேன்.

“எப்பிடிப் பிள்ளை?”

“நல்லா இருந்தது அண்ணை. ஒண்டு கேக்கவோ? கசெற்றை இப்பத்தான் முழுசாக் கேட்டனான். நாப்பத்தாறு பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறியள். என்ரை பேர் எதிலை வருகுது?”

அவசரத்தில் கேட்டிருப்பாள், கவனிக்கவில்லை போலும். பத்தொன்பதாவது நிமிடத்தில் மிகத் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன்: “நேர நெருக்கடி காரணமாகச் சிலரது பெயர்கள் விடுபட்டிருக்கலாம், அவர்களுக்கும் எமது உளமார்ந்த நன்றிகள்.” மற்ற எல்லாரையும் பெயர் சொல்லி முடித்தாயிற்று. அந்தச் ‘சிலர்’ அவள் ஒருத்திதான்.