பேத்தை மீனும் பிளஸ் மைனஸும்

பேச ஆரம்பித்த மூன்றாவது நிமிடத்தில் ஓர் அறையையே காலி செய்யக்கூடிய மனிதர் இராமநாதபுரம் கடற்கரையில் ஒருவர்தான் உண்டு: பிளஸ் மைனஸ். பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த கடல் ஆய்வு நிலையத்தில் அவர் விஞ்ஞானி, நான் அலுவலகக் கண்காணிப்பாளர். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் வசித்தது.

உப்பு நீரில் கரைந்தால் சோடியம் பிளஸ் ஆகவும் குளோரைடு மைனஸ் ஆகவும் பிரியும். நரம்பின் தோலில் உள்ள நுண்ணிய வாசல்கள் இவற்றில் யாரை உள்ளே விடும், யாரை விரட்டும் என்பதுதான் அவருடைய ஒரே கவலை. விளக்குவதற்காக கேன்டீன் வாசலில் கைகளை விரித்து நிற்பார். "நான் மைனஸ். பிளஸ் மட்டும் வரலாம். நீங்க குளோரைடு, அங்கன நில்லுங்க!" ஒருநாள் இயக்குநரே குளோரைடாகிக் காபி இல்லாமல் திரும்பினார்.

அவருடைய ஆய்வகத்தைக் கடக்கத்தான் எனக்குப் பயம். செத்த கணவாய் மீனின் நரம்பை ஒலிபெருக்கியோடு இணைத்திருப்பார். உள்ளே யாரோ சுவரைத் தட்டுவதுபோல டப், டப் என்று கேட்கும். ஒரு சொட்டு விஷம் விடுவார். தட்டல் நின்றுவிடும். அந்த மௌனத்தை அவர் காது சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். எந்த மீனின் விஷம் என்று நான் தெரிந்துகொண்டதில்லை. அதற்குள் மூன்று நிமிடம் ஆகிவிடும்.

முக்குளிப்பவர்களுக்கு மூச்சு நின்றால் கையால் அழுத்திக் காற்றுக் கொடுக்கும் பை வேண்டும் என்று ஒருமுறை கோப்பு அனுப்பினார். படிவம் தவறு என்று மூன்று தடவை திருப்பினேன். நான்காவது தடவை படிவம் சரியாக இருந்ததால் வேறு வழியின்றிக் கையெழுத்திட்டேன்.

நான் முதுகுளத்தூர்ப் பக்கம் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. எனக்கு மீன் என்றால் கண்மாய் மீன்தான், கடல் மீன் தெரியாது. ஒருநாள் காலை பாம்பனில் படகுக்காரர் ஒருவர் உருண்டையான மீனொன்றைத் தனியே வீசுவதைப் பார்த்தேன்.

"அது பேத்த சார். வேணாம். நமக்கு ஆகாது."

"ஏன், வேற பெரிய ஆளுக்கு எடுத்து வச்சிருக்கீகளா?"

நல்ல பொருளை அதிகாரியிடம் மறைப்பவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்பது என் அனுபவம். அவர் திரும்பியதும் எடுத்து வந்தேன். தனியாகத் தங்கியிருந்த அறையில் நானே குழம்பு வைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுபோனேன். குழம்பு நன்றாகவே இருந்தது.

மதியம் அலுவலகத்தில் சாப்பிட்டு முடித்ததும் உதடு மரத்தது. பிறகு விரல்கள். நாற்காலியிலிருந்து சரிந்தபோது கூப்பிட நாக்கு வரவில்லை. கண் பாதி திறந்திருந்தது. மூச்சு நின்றது. ஆனால் எல்லாம் கேட்டது.

"முடிஞ்சு போச்சுப்பா," என்றார் எழுத்தர் முனியசாமி. "ஏழாம் நம்பர் படிவத்தை எடு. வீட்டுக்குத் தாக்கல் சொல்லணும்."

ஏழாம் படிவம் இறந்தவருக்கு அல்ல, மாறுதலாகிப் போகிறவருக்கு. திருத்தச் சொல்ல ஒரு விரல்கூட அசையவில்லை. ஒலிபெருக்கி நினைவுக்கு வந்தது. இப்போது அந்த மௌனத்துக்குள் நானே இருந்தேன். முனியசாமியின் குரல் கிணற்றுக்கு மேலிருந்து வருவதுபோலத் தூரமாகிக்கொண்டே போனது.

அப்போது பிளஸ் மைனஸ் வந்தார். என் தூக்குச்சட்டியில் கிடந்த மீன்தலையைப் புரட்டினார். கிளி அலகு மாதிரி நாலு பல்.

"பேத்த! சாகல. நாம பேசுறதக் கேட்டுக்கிட்டு இருக்காரு."

"அய்யய்யோ! எல்லாத்தையுமா?" என்றார் முனியசாமி.

நான் மூன்று தடவை திருப்பிய அதே காற்றுப் பையைக் கொண்டுவந்து அழுத்தத் தொடங்கினார் பிளஸ் மைனஸ். ஆம்புலன்ஸில் இராமநாதபுரம் போகும்வரை கையும் ஓயவில்லை, வாயும் ஓயவில்லை.

"சார், சோடியம் வாசலோட வாயில மைனஸ் வரிசையா நிக்கிது. பிளஸ்ஸ இழுக்கும், குளோரைட தள்ளும். இந்த விஷமும் பிளஸ்ஸுதான். வாசல் நம்பி இழுத்துருது. உருவம் பெருசு, உள்ள போக ஏலாம வாயிலயே அடைச்சு உக்காந்துருது. சோடியம் வெளிய நிக்கிது, நரம்பு ஊமையாயிருது. அது தானா எந்திரிச்சுப் போறவரைக்கும் உங்க மூச்ச நான் விடுறேன். பிளஸ் வரிசை வச்ச வாசலும் மூளையில இருக்கு சார். அது குளோரைட மட்டும் விடும். அத அப்பறமாச் சொல்றேன், இருங்க."

இருந்தேன். வேறு எங்கும் போக முடியாத நிலையில், அவருடைய வகுப்பை முழுதாகக் கேட்ட முதல் மாணவன் நான். மறுநாள் என் விரல் அசைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "புரிஞ்சுச்சா சார்?"

இப்போது இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து அந்தக் குளோரைடு வாசலைப் பற்றிச் சொல்கிறார். மூன்றாவது நிமிடத்தில் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிடுகிறேன், அவர் சீக்கிரம் கிளம்பிவிடக் கூடாதே என்று.