பின்னக் கணக்கில் ஒரு முகூர்த்த ரவிக்கை

தையல்காரிக்குக் கர்வம் வந்தால் அது அடுத்தவர் உடம்பில்தான் போய் முடியும். என் கர்வம் என் தங்கை விஜயாவின் உடம்பில் முடிந்தது. அதுவும் அவள் கல்யாணத்தன்று.

அப்போது சித்தூரில் தையல் கடை வைத்திருந்தேன். பெங்களூரில் வேலை பார்த்த விஜயாவுக்குச் சூளூர்பேட்டையிலிருந்து கம்ப்யூட்டர் இன்ஜினியர் மாப்பிள்ளை அமைந்தார். உடனே எனக்கும் ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. (எதற்கு என்று கேட்காதீர்கள், வீட்டுக்காரர் கேட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.) பழையதாக ஒன்றைப் பிடித்து, அளவு போட கால்குலேட்டர் சாஃப்ட்வேர் தேடினேன். ரவிக்கைத் துணியை நாலாக மடித்து வெட்டுவதால், விஜயாவின் மார்பளவு முப்பத்து மூன்றரையை நாலால் வகுத்தால், ஒன்று 8.375 என்றது. இன்னொன்று 67/8 என்றது. (இதை டேப்பில் எங்கே போய்த் தேடுவது?) மூன்றாவதுதான் எட்டு அங்குலமும் எட்டில் மூன்றும் என்று, டேப்பில் விரல் வைக்கிற மாதிரி பின்னமாகச் சொன்னது. அதையே தேர்ந்தெடுத்தேன்.

அதற்கு முன்பெல்லாம், "எட்டர வருதா, ஒம்போதர இருக்கட்டும்" என்று மனக்கணக்கில் வெட்டுவேன். அந்த 'இருக்கட்டும்'தான் தையலுக்கும் மூச்சுக்கும் விடுகிற துணி. சாஃப்ட்வேருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் அவ்வளவு துல்லியமான விடையோடு எதையாவது கூட்டுவது மரியாதைக் குறைவாகப் பட்டது. முகூர்த்தப் பட்டில் அப்படியே கத்திரி வைத்தேன்.

விஜயாவுக்கு லீவு கிடைத்ததே கல்யாணத்தன்று காலையில்தான். நேரே திருப்பதி மண்டபத்துக்கு வந்து சேர்ந்தாள். அம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கொக்கி மாட்டினோம். மாற்று ரவிக்கை தேட நேரமில்லை, ஐயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, கை மேல போவல."

"மூச்சு உடாம நில்லுடி. அழகாத்தான் கீது."

மாலை மாற்றும் நேரம் வந்தது. மாப்பிள்ளை ஆறடி. விஜயாவின் கை இடுப்பைத் தாண்டவில்லை. மாலையைப் பிடித்தபடி கண் கலங்கி நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து தெலுங்கு கலந்து கேட்டேவிட்டார்.

"ஏமம்மா, பொண்ணுக்கு இஷ்டம் லேதா?"

ஓர் அங்குலத் துணியால் என் தங்கையின் கல்யாணம் நிற்கப் போகிறது. மேடையேறிக் கத்தினேன்.

"எங்க பக்கம் மாப்பிள்ளதாங்க குனிஞ்சி மாலைய வாங்கிக்கணும். அந்தக் காலத்திலேர்ந்து அதான் மொற!"

மாப்பிள்ளை நல்ல மனிதர். எதையோ தரையில் தவறவிட்டவர் போல இடுப்பு வரை குனிந்தார். மாலை கழுத்தில் விழுந்தது.

அந்த முறையைச் சூளூர்பேட்டைக்காரர்கள் பயபக்தியோடு பிடித்துக்கொண்டார்கள். இன்றும் அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளைகள் குனிகிறார்கள். போன வருடம் என் மகன் கல்யாணத்தில் விஜயா சிரிக்காமல் அவன் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"குனிடா. உங்கம்மா வூட்டு மொற."

குனிந்தான். குனியாவிட்டாலும் மருமகள் கையைத் தலைக்கு மேலேயே தூக்கியிருப்பாள். அவள் ரவிக்கையை விஜயா என்னைத் தைக்க விடவில்லை.