படம் முடியுமுன் ஊர் வந்துவிடுகிறது

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் மாமியாரும் சுகம். நீங்களும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணித்தான் தொடங்குகிறேன். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நீங்கள் அனுப்பிய ஜாமீன் பத்திரத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் வேலையை விட்டுவிட்டு ஃபைனான்ஸ் கம்பெனி தொடங்க வங்கி கடன் தருகிறது. அதற்கு என் வீடு ஈடு. மாதக் கடைசிக்குள் நான் கையெழுத்துப் போடாவிட்டால் கடன் இல்லை. இவ்வளவும் புரிந்தது. போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் வெளியூர் வேலை ஒன்று வந்து சேர்ந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் லாரி எடைமேடைகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலையை நான் விடவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை ஓர் ஆலைக்குப் போகப் பேருந்தில் ஏறினேன். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் டிவியில் படம் போட்டார்கள். நான் சினிமா பார்க்கிறவன் அல்ல, ஆனால் இரண்டாவது வரிசை, கண்ணை மூடினாலும் காது இருக்கிறதே. படத்தில் ஒரு மாப்பிள்ளை. அவரும் வேலையை விடுகிறார், அவரும் ஃபைனான்ஸ் தொடங்குகிறார். நான் யாரையும் சொல்லவில்லை, படத்தில் அப்படி. போட்ட பணம் ஒரே வருடத்தில் இரட்டிப்பு என்கிறார், ஊரே வரிசையில் நிற்கிறது, பேருந்திலும் இரண்டு பேர் கை தட்டுகிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கு ஒரு மாமனார். கண்ணாடி போட்டவர், அதிர்ந்து பேசாதவர், எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை படிக்கிறவர். அந்த மனுஷன் வீட்டை ஈடு வைத்துக் கையெழுத்துப் போடுகிறார். "போடாதீங்க" என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, முன்வரிசை அம்மாள் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கம்பெனி கவிழ்கிறது, கல்லெறிகிறார்கள், மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர், "பணமெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்கிறார். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வாயைத் திறக்கிறார். டிவி அணைந்தது. ஊர் வந்துவிட்டதாம்.

நடத்துநரிடம் மிச்சப் படத்தைக் கேட்டேன்.

"பெரியவரே, இந்தப் படத்த நாப்பது தடவ பாத்திருக்கேன். முடிவு மட்டும் பாத்ததில்ல. அதுக்குள்ள ஊர் வந்துருது."

"உங்களுக்கு உறுத்தலையா?"

"எனக்குச் சம்பளம் ஊர் வர்றதுக்கா, படம் முடியறதுக்கா? எறங்குங்க."

முழு டிக்கெட் வாங்கியவனுக்கு முக்கால் படம். இதைக் கேட்க நாட்டில் ஆளில்லை. ஆலைக் காவலாளியை விசாரித்தேன். "எல்லாரும் செத்துருவாங்க சார். நல்ல படம்" என்றார். கணக்காளர், மாப்பிள்ளை திருந்திவிடுவான், ஒரு பாட்டு வரும் என்றார். மேலாளர், "சார், நீங்க எடை பாக்க வந்தீங்களா, கதை கேக்க வந்தீங்களா?" என்றார். அந்தக் கலக்கத்தில் எடைமேடைமேல் நானே நின்றுகொண்டு சோதித்து, அறுபது கிலோ கூடுதலாகக் காட்டுகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நாற்பது வருடத்தில் இப்படி ஒரு பிழை செய்ததில்லை. செய்திருந்தாலும் யாரும் சொன்னதில்லை. மறுநாள் திரும்பும்போது வேண்டுமென்றே காத்திருந்து அதே பேருந்தில் ஏறினேன். அதே படம். கொஞ்சம் மெதுவாகப் போக முடியுமா என்று ஓட்டுநரைக் கேட்டேன். "வேகமாப் போன்னு திட்டுவாங்க. மெதுவாப் போன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான் பெருசு" என்று சிரித்தார். சாலை நன்றாக இருந்து தொலைத்தது. இந்தத் தடவை மாமனார் கண்ணாடியைத் துடைக்கும்போதே ஊர் வந்துவிட்டது.

நேற்று மகள் ஃபோன் செய்தாள். கையெழுத்து ஏன் தாமதம் என்று கேட்டாள், படத்தைச் சொன்னேன்.

"அப்பா, அவரு உங்க மாப்பிள்ளைப்பா. படத்துல வர்ற ஆள் இல்ல."

"படத்துல வந்த மாமனாரும் அப்படித்தாம்மா நெனச்சிருப்பாரு."

"ஃபோன அம்மாட்ட குடுங்க."

உங்கள் மாமியார் என்னையே பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் "ம்" கொட்டினார். அதன் பொருளை நான் கேட்கவில்லை.

ஆகையால், நிதானமாக யோசித்து, கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அந்த மாமனார் வாயைத் திறந்து என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாதா? நாசமாய்ப் போனேன் என்றுதான் சொல்லியிருப்பார். அவரும் என்னைப் போல ஓர் அப்பாவி. இரட்டிப்பு, இரட்டிப்பு என்று எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு அலைந்தால் நியாயமாக வாழ்கிறவன் எங்கே போவான்? கோபமாக எழுதியிருந்தால் அது உங்கள் மேல் அல்ல. கொஞ்சம் உங்கள் மேலும்தான்.

நீங்களும் மகளும் குறையொன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,
மாமனார்.

பின்குறிப்பு: சான்றைத் திருத்த இன்று மறுபடி ஆலைக்குக் கிளம்பினேன், வழியில் தபாலில் சேர்க்கலாம் என்று இந்தக் கடிதமும் கையெழுத்துப் போடாத பத்திரமும் பையில் இருந்தன. பேருந்து டயர் வெடித்து முக்கால் மணி நேரம் நின்றது. டிவியை அணைக்கவில்லை. முடிவைப் பார்த்தேன். பணம் முழுவதையும் எடுத்தது மாமனார். முதலிலிருந்தே அவர்தானாம். வீட்டை ஈடு வைத்ததுகூடச் சந்தேகம் வராமலிருக்கத்தானாம். பேருந்தே மாப்பிள்ளைக்காக அழுதது. பக்கத்து அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் பையை மடிக்கு மாற்றிக்கொண்டார். நடத்துநர், "என்ன பெருசு, உங்க ஆளு இப்படிப் பண்ணிட்டாரு" என்றார். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கேட்ட மூன்று இடத்திலும், கேட்காத ஓர் இடத்திலும் போட்டிருக்கிறேன். மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். தயவுசெய்து அந்தப் படத்தையும் பார்க்க வேண்டாம். பார்த்தே ஆகவேண்டுமென்றால் பேருந்தில் பாருங்கள்.