தண்ணீர்த் தொட்டியும் நாலாவது டிரான்சிஸ்டரும்

மாதா துணை

பொன்மலை

அன்பு நிறைந்த வையம்பட்டி மைத்துனர் விக்டர் அவர்களுக்கு, உங்கள் அக்காள் வீட்டுக்காரன் சவரிநாதன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். அங்கு தங்கச்சி லின்சியும் பிள்ளைகளும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். நன்றியைப் போனில் சொன்னால் வெறும் வாய் வார்த்தையாகப் போய்விடும் என்றுதான் இந்தக் கடிதம்.

தொட்டி நிறைந்ததும் மோட்டரைத் தானாக நிறுத்த நீங்கள் வரைந்து தந்த சர்க்யூட் ஆண்டவர் புண்ணியத்தில் வேலை செய்கிறது! ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஆயுசு பூரா கிரேன் ஒயரிங் பாத்தவனுக்கு மிளகு சைஸ் டிரான்சிஸ்டர் என்ன பெரிய கொம்பான்னு நெனச்சேன். டிரான்சிஸ்டரோட பேஸ் காலுக்கு முன்னாடி, கரண்டைக் கொறைக்க ரெசிஸ்டர் போடச் சொன்னீங்க. கரண்டு தாராளமா போகட்டுமேன்னு விட்டேன், முதலாவது போட்ட உடனே செத்துச்சு. மோட்டரைப் போட்டு அணைக்கிற ரிலேயோட காயில் அணையிறப்ப எகிறுற வோல்டேஜை டயோடு வாங்கிக்கும்னு படிச்சுப் படிச்சு சொன்னீங்க. இத்துனூண்டு சாமான் இல்லாட்டி என்னன்னு விட்டதுல ரெண்டாவது ஷார்ட்டாகி, மோட்டர் நிக்காம ஓடி, தொட்டி வழிஞ்சு, பக்கத்து வீட்டு பானுமதி டீச்சர் காயப்போட்ட மொளகா அத்தனையும் மிதந்துச்சு. உங்க அக்கா இருதயமேரி, "ஒரு சுவிட்சுக்குக் கூட உங்களை நம்ப முடியாது"ன்னுட்டா. அந்த வார்த்தைதான் மச்சான், எனக்குச் சோறு இறங்கல. சரின்னு டயோடு போட்டேன். கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸைப் பாக்குற மாதிரி வரைஞ்சிருந்தீங்க. பாவம், அவசரத்துல தலைகீழா வரைஞ்சுட்டார்னு நானே திருத்தி வச்சேன். மூணாவது ஒரே புகை! இருதயமேரி ஜெபமாலையோட ஓடியாந்தா.

நாலாவதை அட்சரம் பிசகாம நீங்க சொன்னபடியே வச்சேன். "தாங்கும்னு போட்டிருக்கிற கரண்டுல பாதிக்கு மேல கேக்காதீங்க"ன்னீங்களே, அதையும் மதிச்சு ரிலேயும் சின்னதா மாத்திட்டேன். ஒரு வாரமா தொட்டி நிறைஞ்சதும் 'டிக்', மோட்டர் கப்சிப். தொட்டுப் பாத்தேன், சூடே இல்ல. உங்க அக்கா நேத்து கேக்காமலே மீன் கொழம்பு இன்னொரு கரண்டி ஊத்துனா. என் மானத்தைக் காப்பாத்துனீங்க மச்சான், உங்க குடும்பம் நல்லாயிருக்கணும்.

எல்லா ஆசீரும் உங்கள் இல்லத்தில் தங்குவதாக.

இப்படிக்கு,
சவரிநாதன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி இருதயமேரிகிட்ட படிச்சுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிக்கிறா. புகை வந்த அன்னைக்கே மோட்டர் ஒயரை சர்க்யூட்லேர்ந்து கழட்டி பழைய சுவிட்சுல மாட்டிட்டாளாம். 'டிக்'னு கேக்குறப்பல்லாம் ஓடிப்போய் போட்டதும் அணைச்சதும் அவதான். "ஏன்டி சொல்லல?"ன்னேன். "நீங்க சந்தோஷமா இருந்தீங்க"ங்கிறா. கோவிச்சுக்காதீங்க மச்சான், மேலே உங்களுக்கு நன்றி சொன்ன இடத்துலெல்லாம் அவ பேரைப் போட்டுப் படிச்சுக்குங்க.