ஹெட் ரைட்டர் வரவழைத்த பூதங்கள்

சேர்வராயன் மலைவாழ் பெருமக்களுக்கும், அடிவாரத்துக்குக் கீழே வசிக்கும் ஏனையோருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: காப்பி எஸ்டேட்டில் கூலியாட்கள் கணக்கை எழுதும் ஹெட் ரைட்டர் திரு. ஜேசுதாஸ் அவர்கள், நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, எலும்புக்கூடுகளை எழுப்பும் மந்திரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். தேர்ந்தெடுத்ததோடு நிற்காமல் எழுப்பியும் விட்டார்.

எழுப்பிய இடம்தான் கொஞ்சம் சரியில்லை.

கம்ப்யூட்டரிலும் போனிலும் ஆடக்கூடிய ‘மாயவனம்’ என்ற விளையாட்டில், ஒரு குறுகலான குகையின் ஒரே வாசலில் அவை எழுந்து நின்றன. குகைக்குள்ளே யானை அளவு சிலந்தி ஒன்று. அதனிடம் அடி வாங்கிக்கொண்டு வெளியே ஓடிவரப் பார்த்தாள் மின்மினி என்ற மாயக்காரி. எலும்புக்கூடுகள் வழிவிடவில்லை. மேஸ்திரி வராத நாளின் கூலியாட்கள் மாதிரி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

திரையின் ஓரத்தில் எழுத்துகள் ஓடின.

“ஏனுங்க, உங்க ஆளுங்களைக் கொஞ்சம் நகத்துங்க!”

எப்படி நகர்த்துவதென்று ஜேசுதாஸ் கண்டுபிடிப்பதற்குள் சிலந்தி மின்மினியைச் சாப்பிட்டுவிட்டது.

“நொம்ப நன்றிங்க,” என்று கடைசியாக ஒரு வரி வந்தது.

ஜேசுதாஸ் நாற்காலியில் சாய்ந்தார். மகள் பேசிவிட்டாள்! திட்டுதான். ஆனாலும் முழு வாக்கியம்.

முழு வாக்கியத்துக்கு அவர் ஏங்கிப்போயிருந்தார். மகள் ஈவ்லின் கோயம்புத்தூரில் அனிமேஷன் படிக்க ஆசைப்பட்டாள். இவர் சேலத்தில் பி.காம். சீட்டு பிடித்து வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சர்ச் வாசலில் நாலு பேர் பார்க்க, “உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு” என்று அவளிடம் சொன்னார். அவள் பேசாமல் இருந்தாள். பேசாமலே அப்ளிகேஷன் போட்டாள், பேசாமலே பெட்டி கட்டினாள், பேசாமலே கோயம்புத்தூர் பஸ் ஏறினாள். அதற்கப்புறம் போனில் இவருக்குக் கிடைத்ததெல்லாம் “ம்”, “சரி”, “அம்மாகிட்ட குடுங்க” ஆகிய மூன்றுதான்.

யோசித்துப் பார்த்தார். வீட்டில் இருந்தவரை இந்த விளையாட்டில் யார் யாரிடமோ தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தவள் அவள். மின்மினி என்ற பெயர் இவருக்குத் தெரியும். பின்னால் நின்று திட்டும்போதெல்லாம் படித்திருக்கிறார். அவள் விட்டுப்போன கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். ‘ராஜகம்பீரன்’ என்று தனக்கு அடக்கமாக ஒரு பெயர் வைத்துக்கொண்டார். மின்மினியைத் தேடிப் பிடித்து, துணைக்கு வரலாமா என்று கேட்டார். வரச் சொன்னாள்.

வாள் எடுக்கிறாயா, வில் எடுக்கிறாயா, பூதம் முதலியவற்றை வரவழைக்கும் மந்திரம் எடுக்கிறாயா என்று விளையாட்டு கேட்டபோது அவருக்குச் சந்தேகமே வரவில்லை. வெட்டுவதும் குத்துவதும் கூலியாள் வேலை. ஆளை வரவழைத்து வேலை வாங்குவதுதான் ரைட்டர் வேலை.

கதவு தட்டப்பட்டது. “ஏனுங்க, சாத்திட்டு என்ன பண்றீங்க?” மனைவி சாந்தாமேரி.

“எஸ்டேட் வேலை. உனக்கு ஒண்ணும் தெரியாது, போ.”

அவள் போனாள். அடுக்களையில் ஸ்டூலைப் போட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு போனை எடுத்துக்கொண்டாள். சாயங்காலமானால் அவள் போனில் ஜெபக் கூட்டம் கேட்கிறாள் என்பது ஜேசுதாஸின் முடிவு. அவளைக் கேட்டு எடுத்த முடிவல்ல.

மாயவனத்தில் ஒரு சட்டம் உண்டு. வரவழைக்கும் மந்திரம் எதுவும் விலைக்குக் கிடைக்காது; தேடித்தான் எடுக்க வேண்டும். கையில் ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம். புதியதை எடுத்தால் பழையது போய்விடும்.

எலும்புக்கூடு போதாது, ஆள் பெரிதாக வேண்டும் என்று ஹெட் ரைட்டர் தீர்மானித்தார். இருப்பதிலேயே பெரியது கல்பூதம். அதன் மந்திரம் ஓர் அருவிக்குப் பின்னால் இருந்தது. கிளியூர் அருவிக்குக் குடும்பத்தோடு போனபோது படி இறங்கப் பயந்து மேலேயே நின்று மாங்காய் தின்றவர், இந்த அருவியில் வழுக்கி வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலிருந்து மறுபடி ஏறி, மந்திரத்தோடு வந்து சேர்ந்தார். நேராக மின்மினியிடம் ஓடினார். அவள் ஒரு கயிற்றுப் பாலத்தின் நடுவில் கொள்ளைக்காரர்களிடம் மாட்டிக்கொண்டிருந்தாள்.

கல்பூதம் பாலத்தின் மேல் எழுந்தது. எழுந்த வேகத்தில் பாலத்தோடு கீழே போனது. கொள்ளைக்காரர்களும் போனார்கள். மின்மினியும் போனாள்.

“ஏனுங்க, பாலத்து மேல யாராச்சும் பூதத்தைக் கூப்புடுவாங்களா?”

“பலமா இருக்கட்டும்னுதான்.”

“பூதம் பலமாத்தானுங்க இருந்துச்சு. பாலம் தாங்கணுமில்ல?”

இவ்வளவு கோபத்திலும் ‘ஏனுங்க’ விடவில்லை பாருங்கள். முன்பின் தெரியாத ஆளிடம் என்ன மரியாதை! வளர்த்த விதம் அப்படி என்று ஜேசுதாஸ் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

மின்மினியிடம் சில விநோதங்கள் இருந்தன. நட்டநடுக் காட்டில் “இதோ வர்றனுங்க” என்று சொல்லிவிட்டுச் சிலையாக நின்றுவிடுவாள். ஹாஸ்டலில் வார்டன் வந்திருப்பார் என்று இவர் பொறுமையாகக் காவல் நிற்பார். அந்த நேரம் பார்த்து அடுக்களையில் குக்கர் விசிலடித்துத் தொலைக்கும். விசில்தான் அடிக்குமே தவிர, சோறு நேரத்துக்கு வந்ததில்லை. இன்னொன்று, ஏற்காட்டில் மழை பெய்து கரண்ட் போகும் நாளெல்லாம் மறுநாள் அவளும் “நேத்து எங்க ஊர்ல கரண்ட் இல்லீங்க” என்பாள். கோயம்புத்தூருக்கும் இதே கதியா என்று நாட்டின் எதிர்காலத்தை நினைத்து வருந்தினார்.

மின்மினிக்கு ஒரு மூலிகைத் தோட்டம் இருந்தது. காயம் ஆற்றும் செடிகள். விதை தேடி, தண்ணீர் ஊற்றி, வாரக்கணக்கில் வளர்த்தது. அதில் முயல்கள் புகுந்து மேய்ந்துகொண்டிருந்தன. இது போதாதா? ராஜகம்பீரன் கல்பூதத்தைக் கைவிட்டு, புல்மேட்டின் உச்சியில் கொம்புகளால் கட்டிய ஒரு கோயிலுக்குள் நுழைந்து, காட்டெருமை மந்திரத்தோடு திரும்பினார்.

“நில்லுங்க, நில்லுங்க! என்னத்தைக் கூப்புடப் போறீங்க?”

“பாத்துக்கிட்டே இருங்க.”

பார்த்தாள். காட்டெருமை வந்தது. முயல்கள் வேலிக்கு அடியில் நழுவிப் போய்விட்டன. எருமைக்குத் தோட்டம் மட்டும் மிச்சமிருந்தது. அது முடிந்ததும் வேலி.

“ஏனுங்க, உங்களுக்குக் கிறுக்கா? காட்டெருமையைத் தோட்டத்துக்குள்ள எந்த மனுசனாச்சும் கூப்புடுவானா? எங்க ஊர்ல அது காப்பித் தோட்டத்துப் பக்கம் தலையை நீட்டினாலே நாங்க கதவைச் சாத்திக்குவோம். மலையில பொறந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்!”

ஜேசுதாஸ் பிறந்ததும் இதே மலையில், மஞ்சக்குட்டையில். இருந்தாலும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கோயம்புத்தூர் போயும் பெண் ஊரை மறக்கவில்லை!

மின்மினி மிதிபட்ட செடிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தாள். பிறகு எழுத்து வந்தது.

“ஒண்ணு கேக்கட்டுங்களா? இத்தனை பூதத்தைக் கூட்டிட்டு வந்தீங்களே, எனக்கு என்ன வேணும்னு ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா?”

ராஜகம்பீரன் காட்டெருமைக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றார்.

“எங்க ஊட்டுலயும் ஒருத்தர் இருக்காருங்க. எதுன்னாலும் பெருசாத்தான் பண்ணுவாரு. யாரையும் கேக்க மாட்டாரு. நாம வாயைத் தொறந்தா ‘உனக்கு ஒண்ணும் தெரியாது’ன்னுவாரு. கெட்டவருன்னா விட்டுட்டுப் போயிரலாம். நல்ல மனுசன். அதான் கஷ்டம்.”

திரை மங்கிவிட்டது. ஜேசுதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

‘உனக்கு என்ன வேணும்’ என்று தட்டினார். அழித்தார். திரும்பத் தட்டினார்.

“உங்களுக்கு என்ன வேணுங்க?”

“யோசிக்கணுங்க. யாரும் கேட்டதில்லை.” பிறகு, “குகையில நொம்ப இருட்டுங்க. சிலந்தி எங்க நிக்குதுன்னே தெரியறதில்லை. வெளிச்சம் மட்டும் இருந்தா நானே பாத்துக்குவேன்.”

அப்படி ஒரு மந்திரம் இருக்கத்தான் இருந்தது. விளக்குக் குருவி. கொத்தாது, சண்டை போடாது. தோளில் உட்கார்ந்து எரியும், அவ்வளவுதான். யாரும் அதைத் தேடுவதில்லை என்பதால் அது எங்கே கிடைக்கும் என்று சொல்லவும் ஆளில்லை. அருவி ஏறியவருக்கு, புல்மேடு ஏறியவருக்கு, இதுதான் பெரும்பாடாகிவிட்டது. பாழடைந்த கோட்டை, சதுப்பு நிலம், பனிமலை என்று ஏறி இறங்கினார். கடைசியில் விளையாட்டு தொடங்கும் முதல் கிராமத்தில், ஒரு கோழிக்கூண்டுக்குப் பின்னால் கிடந்தது. முதல் நாள் அந்த வழியாகத்தான் அவர் பூதம் தேடிப் புறப்பட்டார்.

அன்றைக்கு அறையை விட்டு வெளியே வந்தவர் அடுக்களை வாசலில் நின்றார்.

“மேரி, நாளைக்கு சேலம் போறேன். உனக்கு என்ன வேணும்?”

கரண்டி கீழே விழுந்தது. சாந்தாமேரி வந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். “சுடலியே.”

“சும்மாதான் கேக்கறேன்.”

“எனக்கா? எனக்கென்னங்க...” என்றாள். அப்புறம் மெல்ல, “ஒரு செருப்பு. மேட்டுல வழுக்காத மாதிரி.”

“என்ன சைஸ்?”

கேட்டபிறகுதான் அவருக்கு உறைத்தது, மகள் காலேஜ் போகும் வயது வரை குடும்பம் நடத்தியும் இது தனக்குத் தெரியவில்லை என்று. அவளுக்கும் தெரியவில்லை; வீட்டில் கிடந்ததையே போட்டுப் பழகியவள். பழைய பேப்பரைத் தரையில் விரித்தார். மண்டியிட்டார். அவள் காலை அதன் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்தார்.

“கூசுதுங்க,” என்றாள் சாந்தாமேரி. காலை எடுக்கவில்லை.

மறுநாள் செருப்பு வந்தது. அதற்கு மறுநாள் மாயவனத்தில் குருவி வந்தது. சிலந்திக் குகையின் வாசலில் ராஜகம்பீரன் மந்திரத்தைச் சொன்னார். பொன்னிறத்தில் ஒரு பொடிக் குருவி எழுந்து மின்மினியின் தோளில் உட்கார்ந்துகொண்டது. குகை தெரிந்தது. சிலந்தி கூரையில் தொங்கிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. மின்மினி அடித்த அடியில் அது ஒவ்வொரு காலாக இழந்தது.

ஹெட் ரைட்டர் ஒன்றுமே செய்யவில்லை. குருவி அணையாமல் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் பார்த்த வேலைகளில் உருப்படியானது அதுவாகத்தான் இருக்கும்.

சிலந்தி விழுந்த அதே நொடியில் அடுக்களையில் “ஏசுவே!” என்று ஓர் அலறல். பால் பொங்கிவிட்டது போலும்.

“ஜெயிச்சிட்டனுங்க!” என்று வந்தது எழுத்து. “நொம்ப நாளா ஆசைங்க. உங்களுக்கு எப்புடி நன்றி சொல்றதுன்னு தெரியலை. எங்க ஊட்டுல சொன்னேனே, அவருகூட இப்ப கொஞ்சம் மாறிட்டு வர்றாருங்க. என்ன ஆச்சுன்னே புரியலை.”

மேரி போனில் செருப்புக் கதையைச் சொல்லியிருப்பாள் என்று ஜேசுதாஸ் புரிந்துகொண்டார். எல்லாவற்றையும் புரிந்துகொள்ளக்கூடிய மனிதர் அவர்.

கிறிஸ்துமஸுக்கு ஈவ்லின் வந்தாள். பஸ் ஸ்டாண்டில் மூடுபனி. பையோடு இறங்கியவள் சுற்றிப் பார்த்தாள்.

“அம்மா வர்லீங்களா?”

“கேக் அடுப்புல இருக்குது.”

“ம்.”

ஜேசுதாஸ் பையை வாங்கிக்கொண்டார். சர்ச் வாசலில் சொன்னதை பஸ் ஸ்டாண்டிலாவது திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். தொண்டையைக் கனைத்தார்.

“கண்ணு, அன்னைக்கு நாலு பேரு முன்னாடி உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உனக்கு என்ன வேணும்னு நான் கேக்கவே இல்லை. எனக்குத்தான் ஒண்ணும் தெரியலை சாமி.”

ஈவ்லின் அவரை உற்றுப் பார்த்தாள். மூடுபனியில் ஆள் மாறி வேறு யாராவது வந்துவிட்டார்களா என்பதுபோலப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நானும் போன்ல அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்கப்பா. ஆமா, யாரு உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?”

“நீதான்!”

“நானா?”

இதற்கு மேல் அடக்க முடியவில்லை. “ராஜகம்பீரன் யாருன்னு நெனச்சே? நான்தான்!” என்று மார்பில் தட்டிக்கொண்டார். எலும்புக்கூடுகள் குகையை அடைத்தது, பூதத்தோடு பாலம் போனது, தோட்டத்தில் காட்டெருமை விட்டது, கோழிக்கூண்டுக்குப் பின்னால் குருவி கிடைத்தது, எல்லாவற்றையும் கொட்டினார். ஈவ்லின் சிரிக்க ஆரம்பித்தாள். காட்டெருமை வந்ததும் நிற்க முடியாமல் அவர் தோளில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வீடு அந்தச் சிரிப்பை மறந்தே போயிருந்தது. ஜேசுதாஸும் சேர்ந்துகொண்டார்.

“சிரிக்கறே இப்ப! அன்னைக்கு எப்புடித் திட்டுனே! அதுலயும் ஒரு மரியாதை, ஏனுங்க ஏனுங்கன்னு. மனசு விட்டு நீ என்கிட்ட பேசினது அங்கதான் கண்ணு. ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம்.”

ஈவ்லினின் சிரிப்பு பாதியில் நின்றது.

“அப்பா, ஹாஸ்டலுக்குப் போறப்பவே நான் அந்த கேமை விட்டுட்டேன். மின்மினியா ஆடறது அம்மா.”