வருமுன் காப்போனின் பின்னறை

இனி உலகத்தில் எந்த ஆபத்து வந்தாலும் சரி, அது தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்போன் தீர்மானம் செய்தார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. இன்சூரன்ஸ் ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்கள் 'வருமுன் காப்போன்' என்று பட்டம் சூட்டினார்கள். நாளடைவில் அது தேய்ந்து வெறும் காப்போன் ஆயிற்று. பாவம், அவரையும் குற்றம் சொல்ல முடியாது. காலையிலிருந்து மாலை வரை அடுத்தவன் கடையில் பற்றிய தீயையும் அடுத்தவன் வீட்டில் புகுந்த வெள்ளத்தையும் படித்துப் படித்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. தினமும் இத்தனை விபத்து படிக்கிற மனிதருக்கு, அடுத்தது நமக்குத்தான் என்று தோன்றாமல் இருக்குமா?

மகள் வெளியூருக்குப் படிக்கப் போனதும் பின்னறை காலியாயிற்று. காப்போன் அதைப் பிடித்துக்கொண்டார். சுவர் முழுக்கப் பலகை அடித்து டின் டின்னாக அடுக்கினார். அரிசி, பருப்பு, பட்டாணி, மாவு, எண்ணெய், மெழுகு, திரி, கயிறு, கடைசியாக ஒரு விசில்.

"விசில் எதுக்குங்க?" என்று கேட்டாள் மனைவி.

"இடிபாட்டுல மாட்டிக்கிட்டா ஊதறதுக்கு."

"நீங்க வாயைத் திறந்தாலே நாலு தெருவுக்குக் கேக்குமே. விசிலுக்குத்தான் உங்களால ஆபத்து."

மனைவி தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைப்பதில் அந்தப் பக்கத்தில் அவளை அடிக்க ஆள் இல்லை. ஆனால் மெஷின் இருந்ததோ சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த நடையில். காப்போன் குளியலறைக்குப் போகும்போதெல்லாம் அவள் எழுந்து, துணியைச் சுருட்டி, மெஷினை நகர்த்தி வழிவிட வேண்டும். காப்போனுக்குச் சர்க்கரை வேறு உண்டு. அடிக்கடி போவார். அவள் இடுப்பு ஒடிந்துபோனது.

"அந்த ரூமை எனக்குக் கொடுங்க. வெளிச்சம் இருக்கு, ஜன்னல் இருக்கு. பருப்புக்கு எதுக்கு ஜன்னல்?"

"பஞ்சம் வந்தா தெரியும்!"

"வந்தா உங்க டின்னு சோறு போட்டுடுமா?"

"போடும்!"

"பாத்துடலாமா?"

காப்போன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் பழுத்த அனுபவசாலி. "பாத்துடலாம்!" என்றார்.

பந்தயம் முடிவாயிற்று. மாதத்தின் கடைசி ஞாயிறு, கடைக்கே போகாமல், பின்னறையில் உள்ளதை மட்டும் வைத்து இரண்டு பேரும் மூன்று வேளை சாப்பிட வேண்டும். சாப்பிட்டுவிட்டால் அறை என்றைக்கும் காப்போனுக்கு. முடியாமல் போனால் தையல் மெஷினுக்கு.

காப்போன் விதிகளை அடுக்கினார். "நீ அந்த ரூமுக்குள்ள காலே வெக்கக் கூடாது."

"வெக்கல."

"எடுக்கக் கூடாது, கொட்டக் கூடாது, யார்கிட்டயும் சொல்லி எடுக்க வெக்கக் கூடாது. எலியை உள்ள விடக் கூடாது."

"எலிக்கு நான் என்ன ஏஜென்ட்டா? சரி. என் பக்கம் ஒண்ணே ஒண்ணு. இன்னிலேர்ந்து நீங்க புதுசா எதுவும் வாங்கி உள்ள வெக்கக் கூடாது. ஆபத்து வந்தப்புறம் எந்தக் கடை திறந்திருக்கும்?"

நியாயமாகத்தான் பட்டது. ஒப்புக்கொண்டார். அறைக்கு ஒரு பெரிய பூட்டைப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். ஆனால் ஒன்று மட்டும் அவரைக் குடைந்தது. இவ்வளவு சுலபமாக ஏன் ஒத்துக்கொண்டாள்? இருபது வருஷத்தில் ஒரு புடவை விலையைக்கூட முதல் பேச்சில் ஒத்துக்கொள்ளாதவள் ஆயிற்றே?

மறுநாள் மாலை கீழ்வீட்டு பஸ் டிரைவர் கதவைத் தட்டினார்.

"சார், உங்க ரூமைப் பத்தி அக்கா சொன்னாங்க. ஆபத்து சமயத்துக்கு வீட்டை எப்படித் தயார் பண்றதுன்னு உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி இந்த டவுன்லயே யாருக்கும் தெரியாதாமே? எனக்கும் கொஞ்சம் சொல்லித் தரக் கூடாதா?"

காப்போனுக்கு உச்சி குளிர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து மனைவி தன்னைப் பற்றி வெளியில் நல்லதாக நாலு வார்த்தை சொன்னதாக அவர் கேள்விப்பட்டதே இல்லை. பூட்டைத் திறந்தார். தண்ணீரை மணலிலும் கரியிலும் வடிகட்டுவது எப்படி, மெழுகை உருக்கித் திரி வைப்பது எப்படி என்று செய்தே காட்டினார். சொன்னால் மட்டும் போதுமா? கை பழக வேண்டாமா?

"இந்தாங்க, இந்த மெழுகை எடுத்துட்டுப் போய் வீட்டுல ஊத்திப் பாருங்க. திரியும் வெச்சுக்கோங்க."

"பரவால்ல சார், நான் வாங்கிக்கறேன்."

"அட, வித்தை கொடுக்கறவன் விறகு கொடுக்க மாட்டானா? எடுத்துக்கோங்க!"

நடையில் மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து மேல்வீட்டு நர்ஸ் வந்தாள். "அக்கா சொன்னாங்க" என்றாள். ஈஸ்ட் இல்லாமல் மாவை நாள்கணக்கில் புளிக்கவைத்து ரொட்டி சுடுவது எப்படி என்று கேட்டாள். காப்போன் சொல்லிக்கொடுத்தார். ஒரு தடவை புளிக்காவிட்டால் இன்னொரு தடவை முயற்சி செய்ய வேண்டும் அல்லவா? அதற்கும் சேர்த்து மாவு கொடுத்தனுப்பினார். எதிர்வீட்டில் ரிடையரான ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார். அவரிடமும் அக்கா சொல்லியிருந்தாள். அவர் எண்ணெயில் சோப்புக் காய்ச்சக் கற்றுக்கொண்டு போனார். பட்டாணியை முளைகட்டிக் காயவைத்துப் பத்திரப்படுத்தவும் கற்றுக்கொண்டார். எதையும் இரண்டு தரம் செய்து பார்த்தால்தான் மனசில் நிற்கும் என்று அவரே சொன்னதால், எண்ணெயும் பட்டாணியும் இரட்டிப்பாகப் போயின.

அவர்கள் தங்கள் சொந்தக்காரர்களைக் கூட்டிவந்தார்கள். மாலை வேளைகளில் பின்னறை நிரம்பி வழிந்தது. பலகையின் முன்வரிசை எடுப்பாக இருக்க வேண்டும் என்று, காலியான டின்னை முன்னுக்கு இழுத்து, பின்னால் இருந்ததை எடுத்துக் கொடுப்பது அவருக்கு வழக்கமாயிற்று. விளக்கம் சொல்லும் சூட்டில் கை என்ன செய்கிறது என்று வாய்க்குத் தெரியாது. வாய் என்ன சொல்கிறது என்று அவருக்கே தெரியாது. ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவனுக்கு அந்தக் கவலையெல்லாம் எதற்கு?

ஒருநாள் அரிசி மூட்டையைக் காலால் நகர்த்தப் போனார். அது லேசாக வந்தது. காப்போனுக்கு மூக்கில் வேர்த்தது. ஆரம்பித்துவிட்டாளா!

கோபத்தைவிட ஆவல்தான் அதிகம் வந்தது. எப்படி? பூட்டு அப்படியே இருக்கிறது, சாவி இடுப்பில் இருக்கிறது. ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. பலகைக்குப் பின்னால் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். நாற்காலி போட்டு ஏறிக் கூரையை முகர்ந்தும் பார்த்தார். கூரையை ஏன் முகர்ந்தார் என்று கேட்காதீர்கள். அவரிடமே பதில் இல்லை.

"என்னங்க தேடறீங்க?" என்றாள் மனைவி, நடையிலிருந்தே.

"ஒண்ணுமில்ல. உனக்கு இடுப்பு வலி எப்படியிருக்கு?"

"இன்னும் கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

அது ஏன் சரியாகப் போகிறது? மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. ஆபீஸில் எரிந்துபோன ஒரு மரக்கடையின் விண்ணப்பத்தில், 'தீ எவ்வழியாகப் புகுந்தது' என்ற கேள்வியைப் பார்த்ததும், 'அதுதான் எனக்கும் தெரியவில்லை' என்று எழுதி மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கடைசியில் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். மாலை வகுப்புக்குச் சாமான்களை எடுத்து முன்னறையில் வைத்துவிட்டு, பின்னறையின் தரை முழுக்க மெல்லிசாக மாவைத் தூவிப் பூட்டினார். அன்றைக்கு மாணவர்களை உள்ளே விடவில்லை, முன்னறையிலேயே வகுப்பு நடந்தது. நடுவில் யாரோ பருப்பு கேட்டார்கள், யாரோ இன்னும் கொஞ்சம் எண்ணெய் கேட்டார்கள். பேசிக்கொண்டே போய் எடுத்துவந்து கொடுத்தார்.

மறுநாள் காலையில் திறந்து பார்த்தால், மாவில் அடிச்சுவடு! குனிந்து, தவழ்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். வந்துபோனது ஒரே ஆள்தான். தன் செருப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அச்சு அசலாகப் பொருந்தியது.

காப்போன் சிலிர்த்துப்போனார்.

"அடிப்பாவி! என் செருப்பைப் போட்டுக்கிட்டு வந்திருக்கா!"

அன்றிலிருந்து செருப்பையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கடைசி ஞாயிறு வந்தது. காப்போன் குளித்து, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பூட்டைத் திறந்தார். "முதல்ல காலைச் சாப்பாடு. என்ன வேணும், கேளு!"

"எது இருக்கோ அது போதும்" என்றாள் மனைவி, வாசப்படிக்கு வெளியே நின்று.

முன்வரிசையில் முதல் டின்னைத் திறந்தார். காலி. இரண்டாவதில் வாசனை இருந்தது, பருப்பு இல்லை. அடுத்தடுத்துத் திறக்கத் திறக்க மூடிகளின் சத்தம்தான் பெரிதாயிற்று. மூட்டையை உதறியதில் நாலு அரிசியும் ஒரு வண்டும் விழுந்தன. வண்டு அவரை ஏமாற்றத்தோடு பார்த்தது. மிச்சம் இருந்தது கயிறு மட்டும்.

"ஒத்துக்கறேன்!" என்று கத்தினார். "தோத்துட்டேன். ரூமை எடுத்துக்க. ஆனா எப்படி எடுத்த? அதை மட்டும் சொல்லிடு. எனக்குத் தூக்கமே போச்சு!"

"நான் இந்த வாசப்படியை மிதிக்கவே இல்லீங்க."

"அப்ப யாரு மிதிச்சது?"

அவள் பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது. டிரைவர், நர்ஸ், ஸ்டேஷன் மாஸ்டர் மூவரும் தூக்கும் தட்டுமாக நின்றார்கள். குருவிடம் செய்துகாட்ட வேண்டும் என்று அக்கா வரச் சொல்லியிருந்தாளாம்.

"சார், நீங்க கொடுத்த மெழுகு" என்று டிரைவர் வரிசையாக விளக்கேற்றினார்.

"நீங்க கொடுத்த மாவு சார்" என்று நர்ஸ் ரொட்டியை நீட்டினாள். "மிச்சம் மாவு ஒரு மாசத்துக்கு வரும்."

"நீங்க கொடுத்த எண்ணெய், நீங்க கொடுத்த பட்டாணி, நீங்க கொடுத்த அரிசி..." என்று ஸ்டேஷன் மாஸ்டர் ரயில் வரும் நேரம் அறிவிக்கிற குரலில் சொல்லிக்கொண்டே போனார்.

காப்போனுக்கு ஒவ்வொரு 'நீங்க கொடுத்த'வும் ஒரு குட்டாக விழுந்தது. மெதுவாக மனைவியைப் பார்த்தார்.

"நான் ஒரு மணி அரிசிகூடத் தொடலீங்க. எடுக்கச் சொல்லவும் இல்ல" என்றாள் அவள். "கத்துக்க ஆளைத்தான் அனுப்பினேன்."

கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் விடை தெரிந்த நிம்மதிதான் முதலில் வந்தது. பின்னாலேயே வெட்கம் வந்தது. அதற்கும் பின்னால் பசி வந்தது. ரொட்டியைப் பிய்த்துத் தின்றார். நன்றாகத்தான் இருந்தது. சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை என்று ஒரு மூலையில் பெருமைகூட எட்டிப்பார்த்தது. டிரைவரும் ஸ்டேஷன் மாஸ்டரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் போட்டார்கள். மனைவி உட்கார்ந்து, காலை நன்றாக நீட்டி, ஒரு முழுச் சட்டையை ஒரு தடவைகூட எழுந்திருக்காமல் தைத்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த காப்போன், இத்தனை மாசம் இந்த ஜன்னலைப் பட்டாணிக்குக் கொடுத்து வைத்திருந்தோமே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

எல்லோரும் கிளம்பினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் வாசலில் தயங்கி, காப்போனைத் தனியாக அழைத்து, ஒரு சின்னப் பொட்டலத்தை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"கூச்சப்படாம வெச்சுக்கோங்க சார். இந்தக் கட்டடத்துலயே உங்க வீட்லதான் அவசரத்துக்கு ஒண்ணும் இல்லையாம், அக்கா சொன்னாங்க."